கம்பிக்கு வெளியே நிற்பவர்

ஆண்டுக்கணக்கில் ஊசி பிடித்த கையில் இன்று மணியைப் பிடித்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா அவர்களே, சங்கம் என்று வாய்விட்டுச் சொல்லவே தயங்கிய காலத்தில் அதைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்ற மூத்தவர்களே, பேருந்தை உருட்டிப் பிழைப்பை ஓட்டும் ஓட்டுநர்களே, குழாயைத் திறந்தால் குடிநீர் வரும் என்ற நம்பிக்கையைக் காப்பாற்றும் குடிநீர்த் துறைத் தோழர்களே, தெருவைத் துலக்கி ஊரைத் துலக்கும் துப்புரவுத் தோழர்களே, கோப்புகளோடு குடித்தனம் நடத்தும் எழுத்தர்களே, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பையுமாகப் படியேறி வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சமையற்காரியின் பணிவான வணக்கம்.

ஆம், நான் சமையற்காரி. மிருகக்காட்சிசாலையின் சமையற்கட்டில் மேற்பார்வையாளர் என்று என் பணிப்பதிவில் எழுதியிருக்கிறார்கள். யானைக்குக் கவளம், குரங்குக்குப் பழம், புலிக்கு இறைச்சி, கரடிக்குக் கஞ்சி. இத்தனை வாய்க்குச் சமைத்துப் போடுகிறேன். இன்றுவரை ஒரு வாயும் உப்புக் குறைவு என்று சொன்னதில்லை. வீட்டில்தான் சொல்கிறார்கள்.

சிரியுங்கள், சிரியுங்கள். சற்று நேரத்தில் என்மேல் கோபப்படப் போகிறீர்கள். அதற்கு முன் சிரித்துவிடுவது நல்லது.

குடிநீர்த் துறைத் தம்பி சற்று முன் ஒரு தீர்மானத்தை வாசித்தார். வாசித்தாரா, முழங்கினார். "எந்த ஊழியர் எந்த உத்தரவை ஏற்க மறுத்தாலும், காரணம் கேளாமல் சங்கம் அவர் பக்கம் நிற்கும். அவர்மீது எவ்வித ஒழுங்கு நடவடிக்கையும் கூடாது." கைதட்டல் கூரையைத் தொட்டது. நானும் கேட்டேன். கேட்டுவிட்டுத் தலைவரிடம் போய், இந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேச எனக்கு நேரம் வேண்டும் என்றேன்.

அதோ, முணுமுணுப்பு கேட்கிறது. "நம்ம அக்காவா இப்படி?" என்கிறார் மூன்றாம் வரிசை நடத்துநர். ஆம் ஐயா, உங்கள் அக்காதான். மூன்று நிர்வாகிகளிடம் முட்டி மோதியவள்தான். முதுகெலும்பு தேய்ந்தாலும் முதுகு வளையாதவள்தான். அதே அக்காதான் சொல்கிறேன், இந்தத் தீர்மானம் இப்படியே நிறைவேறினால் அது நம்மைக் காக்காது. ஏன் என்று கேட்கிறீர்களா? வாதம் செய்து உங்களை வெல்ல எனக்கு ஆசையில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் மிருகக்காட்சிசாலையில் ஒரு பெண் கரடி இருக்கிறது. பெயர் உருண்டை. அக்கா கரடி விடுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது நிஜக் கரடி, என் கஞ்சியைக் குடித்து வளர்ந்த கரடி. குட்டியாக வந்தபோது ஒரு கூடைக்குள் அடங்கியது. அதற்குப் புட்டியில் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, காய்ச்சல் கண்டபோது கூடவே கிடந்து வளர்த்தவர் ஒரு பராமரிப்பாளர். வயதில் எனக்குத் தம்பி. ஆனால் ஊரே அவரைக் கரடி அண்ணன் என்று அழைத்ததால் நானும் அண்ணன் என்றே அழைக்கத் தொடங்கிவிட்டேன். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணன் என்பேன். இதில் யார் மூத்தவர் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் குழம்பிப்போவார்கள்.

அவர் இன்று இந்த அவையில் இருக்கிறார். தூண் ஓரமாக, மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார். கதையைச் சொல்லட்டுமா என்று நேற்றே அவரிடம் கேட்டேன். இப்போது மறுபடியும் கேட்கிறேன். அண்ணே, சொல்லட்டுமா?

"சொல்லுங்கக்கா. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்கிறார். பார்த்தே சொல்கிறேன்.

காலையில் வாயில் திறந்ததும் வருகிறவர்கள் முதலில் எங்கே ஓடுவார்கள் தெரியுமா? புலியிடம் இல்லை. கரடி வளாகத்துக்கு. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் அண்ணன் துடைப்பமும் கூடையுமாக உள்ளே நுழைவார். கரடி கட்டில்லாமல் திரியும். இவர் பெருக்கிக்கொண்டே போக, அது பின்னாலேயே வரும். இவர் தோளில் கிடக்கும் துண்டைப் பிடித்து இழுக்கும். இவர் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டுவார். அது உட்கார்ந்துகொள்ளும். கூட்டம் கைதட்டும். கைப்பேசிகள் உயரும். அண்ணனும் மனிதர்தானே. கைதட்டல் யாருக்குக் கசக்கும்? மீசையை ஒரு பக்கம் நீவிவிட்டுக்கொள்வார்.

கரடி வளாகத்தில் அவருடன் இன்னொருவர் உண்டு. சாவிகள் எல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும் என்பதால் அவரைச் சாவியக்கா என்போம். அளந்து பேசுபவர். கணவரை இழந்தவர், படிக்கும் மகள் ஒருத்தி உண்டு. அண்ணன் உள்ளே போய் வெளியே வரும்வரை கதவருகே, கம்பிக்கு வெளியே நிற்பது அவர் வேலை. கூட்டம் அண்ணனைப் பார்க்கும், கரடியைப் பார்க்கும். சாவியக்காவை யார் பார்த்தார்கள்? நான் பார்த்தேனா? நீங்கள் வந்திருந்தால் பார்த்திருப்பீர்களா?

இந்த நிலையில் புதிய நிர்வாகி வந்து சேர்ந்தார். விலங்கு மருத்துவம் படித்த பெண். டாக்டரம்மா என்போம். வந்த சில நாளிலேயே அறிவிப்புப் பலகையில் ஓர் உத்தரவு தொங்கியது. கரடியை உள்ளறைக்கு ஓட்டி, இரும்புக் கதவை இறக்கி, இரண்டாமவர் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்து, 'பூட்டியாச்சு' என்று குரல் கொடுத்த பிறகே முதலாமவர் வளாகத்துக்குள் கால் வைக்க வேண்டும். மீறினால் நடவடிக்கை. அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வரி கிடையாது.

அண்ணன் படித்தார். ஒரு முறுவல். மறுநாள் காலை துடைப்பத்தை எடுத்தார். வழக்கம்போல் உள்ளே போனார். அன்று கைதட்டல் வழக்கத்தைவிட அதிகம். ஏனென்றால் கைதட்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊழியர்கள்.

டாக்டரம்மா அழைத்தார். எங்கள் காட்சிசாலைக் கிளையின் சங்கச் செயலாளர் என்பதால் நானும் கூடப் போனேன். அந்த அறையில் நடந்த பேச்சு இன்றும் என் காதில் இருக்கிறது.

"உத்தரவைப் படிச்சீங்களா?"

"படிச்சேம்மா."

"அப்புறமும் உள்ள போனீங்க."

"அது என் கைல வளந்ததும்மா. என்னை ஒண்ணும் பண்ணாது."

"பண்ணுமா பண்ணாதாங்கற பேச்சே வேண்டாம். உத்தரவைக் கேப்பீங்களா, மாட்டீங்களா?"

"வேற எதைச் சொன்னாலும் கேக்கறேன். இது மட்டும் முடியாதும்மா."

"அப்படின்னா நான் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுத்துக்கோங்க."

முடிந்தது. அவரும் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை, இவரும் மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் எச்சரிக்கை வந்தது. மறுநாளும் அண்ணன் உள்ளே போனார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்து வந்தது தற்காலிகப் பணிநீக்கம். வாயிற்காவலர் தலையைக் குனிந்துகொண்டே, "அண்ணே, உங்களை உள்ள விடக் கூடாதாம்" என்றபோது அண்ணன் கம்பிக் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

கொதித்துவிட்டது எங்கள் காட்சிசாலை. பராமரிப்பாளர்கள் எல்லோரும் என் சமையற்கட்டு வாசலில் திரண்டார்கள். குரங்கு வளாகத்துக்காரர் மேசைமேல் ஏறி நின்றார். "அண்ணனுக்கே இந்தக் கதின்னா நாளைக்கு நமக்கு என்ன கதி? இன்னைலேருந்து ஒருத்தனும் வேலை செய்யக் கூடாது. அக்கா, நீங்க அடுப்பை அணைங்க" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னேன். "நீ மேசையை விட்டு முதல்ல இறங்கு, அது காய் நறுக்கற இடம். கூண்டுக்குள்ள இருக்கறதுங்க நம்ம சங்கத்துல சேர்ந்திருக்கா? அதுங்க பட்டினி கிடக்கணும்னு எந்தக் கூட்டத்துல முடிவு பண்ணினோம்? அடுப்பு எரியும். விசாரணை கேப்போம். முறையா, எழுத்துல, வெளி அதிகாரி வச்சு, நம்ம ஆள் கூட உக்காந்து, சாட்சி கூப்பிட்டு, எல்லாம் கேட்டு முடிச்சப்புறம்தான் தண்டனைன்னு கேப்போம். அதைத் தரலைன்னா அப்ப பாக்கலாம்."

கேட்டோம். டாக்டரம்மா மறுக்கவில்லை. "அது உங்க உரிமை. கேக்காம இருந்திருந்தாத்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு முதல்முறையாக ஒரு மதிப்பு வந்தது. ஆனாலும் எதிரணி எதிரணிதானே. மதிப்பை மடித்து வைத்துவிட்டு வழக்குக்குத் தயாரானேன்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தையற்காரர், இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மனைவி என்னைப் பார்த்ததும் சொன்னார், "காலைலேருந்து நாலாவது தடவை பெருக்கறாரு அக்கா. வீட்ல ஒரு மூலை பாக்கியில்லை. இனிமே என் தலையைத்தான் பெருக்கணும்."

நான் அண்ணனைக் கேட்டேன். "கதவை இறக்கிட்டு உள்ள போறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? நேரம் ஆகுமா? கௌரவம் குறைஞ்சிடுமா? என்னன்னு சொன்னாத்தானே நான் உங்களுக்காகப் பேச முடியும்?"

"முடியாதுன்னா முடியாதுக்கா. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார். துடைப்பம் நிற்கவில்லை.

அதற்குள் அங்கே உருண்டையும் முரண்டு பிடித்தது. உள்ளறைப் பக்கம் தலைகாட்ட மறுத்தது. கஞ்சியை மேலிருந்துதான் இறக்க வேண்டியிருந்தது. வளாகம் நாறத் தொடங்கியது. அண்ணனைக் காணாத ஏக்கம் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

விசாரணை நாள் வந்தது. அலுவலகக் கூட்ட அறை. வெளியிலிருந்து வந்த அதிகாரி, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு பக்கம் டாக்டரம்மா. மறு பக்கம் அண்ணனும் நானும். சன்னலுக்கு வெளியே வேலைக்கு நடுவே எட்டிப் பார்க்கும் தலைகள். என் சாட்சி யார்? சாவியக்கா. அத்தனை ஆண்டு கதவருகே நின்றவர். அண்ணனுக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று அவர் வாயால் சொல்ல வைத்தால் போதும், வழக்கு என் பக்கம். கேள்விகளைக் கூர் தீட்டி வைத்திருந்தேன்.

"இத்தனை வருஷத்துல கரடி ஒரு தடவையாவது அண்ணனைத் தாக்கியிருக்கா?"

"இல்லக்கா."

"சீறியிருக்கா?"

"இல்லை."

"அப்படின்னா அவர் உள்ள போறதுல யாருக்கு என்ன ஆபத்து?"

இங்கே நிறுத்தியிருந்தால் நான் வழக்கறிஞர். சமையற்காரி ஆனதால், "சொல்லுங்க, பயப்படாம சொல்லுங்க" என்று ஒரு கரண்டி அதிகமாக ஊற்றிவிட்டேன்.

சாவியக்கா இடுப்புச் சாவிக்கொத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார்.

"தனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அண்ணனுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? அது அவர் பின்னாடி ஒவ்வொரு அடி வைக்கும்போதும் நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கதவைத் திறந்துட்டு உள்ள ஓட வேண்டியது நான்தானே? ஓடுவேன். அவரை விட்டுட்டு நிக்க மாட்டேன். அப்புறம் என் பொண்ணு என்ன ஆவா? தினமும் காலைல அவளுக்குத் தலை பின்னிவிடும்போது இதுதான் நெனைப்பு. அந்த உத்தரவு வந்தன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன். மறுநாளே அண்ணன் உள்ள போயிட்டாரு."

தோழர்களே, அதிகாரியின் பேனா மூடி நின்றுவிட்டது. அண்ணன் முகம் வெளுத்துப்போயிற்று.

"நீ ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?" என்றார்.

"நீங்க ஒரு நாளும் கேக்கலையே அண்ணே."

டாக்டரம்மா மெல்லப் பேசினார். "நான் இதுக்கு முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒருத்தர் இப்படித்தான் போனாரு. அவரும் வளத்தவர்தான். கரடி அவரை அடிச்சுது. அவர் பொழச்சுக்கிட்டாரு. காப்பாத்தப் போனவர்தான் செத்துட்டாரு. அவரைத் தூக்கிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தி."

அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, வீட்டில் நான் கேட்டபோது சொல்லாததை, அங்கே சொன்னார்.

"அது குட்டியா இருக்கும்போது இரும்புப் பொறியில மாட்டினதும்மா. மாட்டின நெலையிலதான் இங்க கொண்டுவந்தாங்க. அந்த உள்ளறைக் கதவு விழுற சத்தம் இருக்கே, அதுக்கு அது பொறி சத்தம்தான். ஒரே ஒரு தடவை இறக்கிப் பாத்தேன். சுவத்துல முட்டி முட்டி மூக்கெல்லாம் ரத்தம். கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் என் கையால அந்தக் கதவை இறக்கறதில்லைன்னு இருந்துட்டேன். என்னால முடியலை."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க கேக்கலையேம்மா. கேப்பீங்களா மாட்டீங்களான்னுதான் கேட்டீங்க."

மூன்று பேர். மூவரும் நல்லவர்கள். மூவரிடமும் நியாயம் இருந்தது. மூவரும் அதை வாய்க்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டைத் திறந்தது எது? அடங்காமையா? அதிகாரமா? இல்லை. விசாரணை. எதிரும் புதிருமாக உட்கார்த்தி வைத்து, ஒருவர் பேச மற்றவர் கேட்க வைத்த விசாரணை. அதனால்தான் சொல்கிறேன், விசாரணை என்றால் வெறும் சடங்கு என்று எவராவது உங்களிடம் சொன்னால் என் சமையற்கட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம்தான் அக்கா.

அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்கள் தரப்பில் இன்னும் ஏதாவது உண்டா?" என்றார். அந்த நேரத்தில் என் வாயில் எத்தனை வாதம் இருந்தது தெரியுமா? கதவு சரியில்லை, உத்தரவில் காரணம் இல்லை, விளக்கம் கேட்ட முறை சரியில்லை. ஒவ்வொன்றையும் அடுக்கி அண்ணனை முழுசாக மீட்டு வந்திருப்பேன். என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் என் கையைத் தொட்டார். "விடுங்கக்கா. அவ நின்னுருக்கா. நான் பாக்கலை" என்றார்.

எழுந்து சொன்னேன். "ஐயா, இவர் உத்தரவை மீறியது உண்மை. அதற்குத் தண்டனை கொடுங்கள். வேலையைப் பறிக்காதீர்கள். கரடிக்குக் கதவை மாற்றுங்கள். உத்தரவு போட்டவர்கள் காரணம் சொல்லவில்லை, காரணம் கேட்கவுமில்லை, அதையும் எழுதுங்கள்."

எழுதினார். அண்ணன் கரடி வளாகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அரை ஆண்டு மான் வளாகத்தில் வேலை. அதன் பிறகு திரும்பலாம், இரண்டாமவராக மட்டும். தலைமைப் பொறுப்பு சாவியக்காவுக்கு. நிர்வாகம் தன் கடமையில் தவறியது என்றும் அதே தீர்ப்பில் இருந்தது. அதை டாக்டரம்மாவே எங்கள் எல்லோர் முன்னிலையிலும் நின்று வாசித்தார். ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

எனக்கு என்ன கிடைத்தது? மாலை கிடைத்தது என்று நினைக்கிறீர்களா? உணவு இடைவேளையில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. "அண்ணனை மானுக்கு மாத்திட்டு வந்துட்டாங்க நம்ம அக்கா" என்று என் காதுபடவே பேசினார்கள். குரங்கு வளாகத்துக்காரர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குரங்கிடம் பேசுவதுபோல் என்னைத் திட்டினார். குரங்கு என்னைப் பார்த்தது. அதற்கு என் வாழைப்பழம் தெரியும். அது அந்தப் பேச்சை நம்பவில்லை.

பட்டறைக்காரர் பழைய இரும்புக் கதவைக் கழற்றி எறிந்தார். பக்கவாட்டில் நகரும் மரக்கதவு ஒன்றைச் செய்து விளிம்பெல்லாம் ரப்பர் பொருத்தினார். மூடினால் துணி உரசுவதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். சாவியக்கா உள்ளறையில் தேன் தடவிய பழத்துண்டுகளை வைத்துக் காத்திருந்தார். முதலில் உருண்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மூக்கை மட்டும் நீட்டியது. பிறகு முன்னங்கால்கள். பிறகு ஒரு நாள், முழு உடம்போடு உள்ளே போய் உட்கார்ந்து தின்னத் தொடங்கியது. கதவு நகர்ந்து மூடியது. திரும்பிப் பார்த்தது. மறுபடி தின்றது. அன்றைக்கு என் சமையற்கட்டில் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். குரங்கு வளாகத்துக்காரரும் வந்தார். "அக்கா, ஒரு டீ கெடைக்குமா?" என்றார். சமாதானம் என்பது சில நேரம் அந்த அளவுக்குத்தான் பேசும்.

அண்ணன் மானைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை ஆண்டும் முகம் சுளிக்கவில்லை. உத்தரவில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தார். கரடி வளாகத்தின் பக்கமாகப் போகும் பாதையை மட்டும் தவிர்த்து, சுற்று வழியில் போவார். அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் கேலி செய்யவில்லை.

பிறகு திரும்பி வந்தார். முதல் காலை. உருண்டை அவரைக் கண்டதும் கம்பி ஓரமாக ஓடிவந்து எழுந்து நின்றது. அவர் கம்பிக்கு வெளியிலிருந்தே அதனிடம் என்னவோ சொன்னார். அது உள்ளறைக்குப் போனது. கதவு நகர்ந்தது. பூட்ட வேண்டியவர் இப்போது அண்ணன். பூட்டினார். சாவியை எடுத்தார். உள்ளே போக வேண்டியவர் சாவியக்கா. துடைப்பத்தோடு நின்றார். குரல் வர வேண்டும். வரவில்லை. அண்ணன் பூட்டை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாத்தான் நான் போவேன்" என்றார் சாவியக்கா.

"பூட்டியாச்சு" என்றார்.

சாவியக்கா உள்ளே போனார், பெருக்கினார், தொட்டியைக் கழுவினார், வெளியே வந்தார். வழக்கமான வேலை. கைதட்டக் கூட்டமில்லை. அண்ணன் நேராக என் சமையற்கட்டுக்கு வந்தார். தண்ணீர் கேட்டார். குவளையை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"உள்ள போறவனுக்கு ஒண்ணும் தெரியறதில்லைக்கா. வெளிய நிக்கறவனுக்குத்தான் எல்லாம் தெரியுது. பூட்டு பூட்டித்தான் இருக்கு, சாவி என் கைலதான் இருக்கு. அப்பவே எனக்கு இவ்வளவு பயமா இருக்கே. பூட்டாத கதவுக்கு முன்னாடி அவ எப்படிக்கா நின்னா?"

தோழர்களே, தாய்மார்களே, இப்போது உங்களைக் கேட்கிறேன். உங்கள் வேலையில் கம்பிக்கு வெளியே நிற்பவர் யார்? குடித்துவிட்டு வண்டி எடுக்காதே என்ற உத்தரவைத் தூக்கி எறியும் ஓட்டுநரே, உங்கள் படியில் தொங்கி நிற்பவர் யார்? கையுறை போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் செவிலியரே, உங்களுக்கு அடுத்து அந்த ஊசித்தட்டை எடுக்கப்போகும் ஆயா யார்? மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏறு என்றால் வீரம் காட்டும் கம்பியாளரே, உங்களைக் கீழே தாங்கப்போகும் கை யாருடையது? அவர்களும் நம் சங்கம்தானே? அவர்களும் சந்தாக் கட்டியவர்கள்தானே? அவர்களைக் காரணம் கேளாமல் கைவிட நம்மால் முடியுமா?

பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. "அப்ப எல்லா உத்தரவுக்கும் தலையாட்டச் சொல்றீங்களா?" என்கிறார். நல்ல கேள்வி. எழுந்து நின்றே கேட்டாரே, அதற்காகவே பாராட்டுகிறேன்.

தம்பி, மறுக்க வேண்டிய உத்தரவு உண்டு. நானே மறுத்திருக்கிறேன். முந்தைய நிர்வாகி ஒருவர் காலத்தில் கெட்டுப்போன இறைச்சி வந்து இறங்கியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுப் போடுங்க" என்று எனக்கு உத்தரவு. போட மாட்டேன் என்றேன். ஒளிந்துகொண்டு சொல்லவில்லை. எல்லோரையும் கூட்டி வைத்து, அவர் முகத்துக்கு நேராக, காரணத்தோடு சொன்னேன். "என்ன தண்டனை தரணுமோ தாங்க, வாங்கிக்கறேன். இதை மட்டும் புலிக்குப் போட மாட்டேன். வேணும்னா உங்களுக்குச் சமைச்சுத் தரேன்" என்றேன். அவர் அன்று வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்துக்கொண்டார். புலிக்கும் நல்ல இறைச்சி வந்தது.

அந்த மறுப்புக்கும் இந்த மறுப்புக்கும் வேறுபாடு தெரிகிறதா? ஒன்று, பிறர் உயிரைக் காக்க நம் தலையைக் கொடுப்பது. மற்றொன்று, நம் மனத்தைக் காக்கப் பிறர் தலையைக் கொடுப்பது. முதலாவதற்கு இந்தச் சங்கம் மலைபோல் நிற்கட்டும். இரண்டாவதற்கு நிற்குமானால் நம்மைவிடப் பலவீனமான ஒருவர் எங்கோ ஒரு கதவருகே வயிற்றில் நெருப்போடு நின்றுகொண்டிருப்பார், நம் கொடிக்குக் கீழேயே.

ஆகவே என் திருத்தம் இது. கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவு போடுபவர் காரணம் சொல்ல வேண்டும். உத்தரவைப் பெறுபவர் தயக்கத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். முறையான விசாரணை இல்லாமல் எவர்மீதும் எந்தத் தண்டனையும் விழக் கூடாது. அந்த விசாரணையில் உறுப்பினர் பக்கத்தில் சங்கம் உட்காரும், கடைசிவரை உட்காரும், எழுந்து ஓடாது. ஆனால் உடன் வேலை செய்பவரின் உயிருக்கும் ஊர் மக்களின் நலத்துக்கும் ஊறு செய்யும் மறுப்பு நிரூபணமானால், நியாயமான தண்டனையைச் சங்கம் தடுக்காது. தண்டனை நிர்வாகிக்கும் உண்டு, ஊழியருக்கும் உண்டு. தண்டனை முடிந்ததும் அவர் நம் தோழர். தலை நிமிர்ந்து உள்ளே வரட்டும்.

இப்படி ஒரு தீர்மானத்தைப் போட நம்மை எவர் கட்டாயப்படுத்த முடியும்? எவரும் முடியாது. அதனால்தான் நாமே போடுகிறோம். தன் உறுப்பினரின் தவறைத் தன் வாயால் தவறு என்று சொல்லத் துணிவுள்ள சங்கம், அவருடைய உரிமையைக் கேட்கும்போது அந்தக் குரலை எந்த நிர்வாகமும் தட்டிக்கழிக்க முடியாது. இது என் நம்பிக்கை மட்டும் இல்லை, நான் கண்ணால் கண்டது. அந்த விசாரணைக்குப் பிறகு எங்கள் காட்சிசாலையில் எந்த உத்தரவும் எங்களைக் கேட்காமல் பலகையில் ஏறியதில்லை.

தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் இப்போதே கையைத் தூக்கிவிட்டார். அண்ணே, கொஞ்சம் பொறுங்கள், இன்னும் வாக்கெடுப்புத் தொடங்கவில்லை. அவர் கையைக் கீழே இறக்கவில்லை. இறக்கச் சொல்லி நான் உத்தரவிடப் போவதுமில்லை.

மற்றவர்கள் கை தூக்குமுன் ஒரே ஒரு முறை உங்கள் பக்கத்து நாற்காலியைப் பாருங்கள். அங்கே இருப்பவரைக் கேளுங்கள், என் வேலையில் உனக்குப் பயமாக இருந்த நாள் உண்டா என்று. அவர் பதில் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு உங்கள் கை தானாக எங்கே போகிறதோ அங்கே போகட்டும்.

நீண்ட நேரம் காதுகொடுத்த அவைக்கும், கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்ட குடிநீர்த் துறைத் தம்பிக்கும், மணியை அடிக்காமல் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளைக் காலை வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் மாலையில் நலமாக வீடு திரும்புங்கள். உங்களோடு போனவரையும் கூட்டிக்கொண்டு திரும்புங்கள். வணக்கம்.